வயதுக்கு மீறிய பக்குவம்

என்னை முதன்முதலில் டாக்டர் என்று கூப்பிட்டவர், குவைத்தில், ஃபஹாஹீல் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே சின்ன மளிகைக்கடை வைத்திருந்த மனிதர். அப்போது எனக்குப் பதினாறு வயது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைக்கூட எழுதியிருக்கவில்லை. தயிர் வாங்கப் போனவளிடம், "வேற என்ன வேணும் டாக்டரம்மா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். அம்மா சொல்லிவிட்டிருக்கிறாள். கடைக்காரரிடம் மட்டுமா, மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம், அவளுடைய வார்டில் வேலை செய்தவர்களிடம், பள்ளி பஸ் ஓட்டுநரிடம் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

அம்மா நர்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோர ஊர் ஒன்றிலிருந்து கல்யாணத்துக்கு முன்பே குவைத்துக்கு வந்தவள். அப்பா எண்ணெய்க் கம்பெனியில் டெக்னீஷியன். நான் ஒரே பிள்ளை. வீட்டில் எனக்கு என்ன குறை என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாகப் படித்தேன், அவ்வளவுதான் என் தவறு.

பதினோராம் வகுப்பு முடியும் சமயத்தில் குவைத் சிட்டியில் ஒரு ஓட்டல் ஹாலில் கல்விக் கண்காட்சி நடந்தது. அம்மா டூட்டி முடிந்து யூனிஃபார்மை மாற்றாமல்கூட என்னை அழைத்துக்கொண்டு போனாள். எமிரேட்ஸில் இருக்கும் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மேசையில் சென்னைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை, பேச்சில் தேன்.

"ஃபாஸ்ட் டிராக்னு ஒண்ணு இருக்கு மேடம். ப்ளஸ் டூ முடிச்ச கையோட நேரா உள்ள போயிடலாம். மத்தவங்க ஒரு வருஷம் அடிப்படைப் பாடம் படிப்பாங்க. நம்ம பசங்களுக்கு அது கிடையாது. சம்மர் லீவுலயும் கிளாஸ் நடக்கும். ரெண்டாம் வருஷத்துலேர்ந்தே பேஷண்ட் பாக்கலாம். இருபத்திரெண்டு வயசுல உங்க பொண்ணு டாக்டர்."

"இருபத்திரெண்டுலயா?" என்று அம்மா கேட்டாள்.

"மத்த பசங்க இன்டர்ன்ஷிப்புக்கு அலையும்போது இவங்க சேர்ல உக்காந்திருப்பாங்க மேடம்."

அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர் என்ற சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். அது ஏன் என்று எனக்கு அன்று புரியவில்லை.

எனக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை இருந்ததா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் எனக்குத் தெரியாது. அந்த வயதில் அம்மாவின் ஆசையும் என் ஆசையும் ஒரே அலமாரியில்தான் கிடந்தன. வீட்டில் ஒரே ஒரு மறுப்பு அப்பாவிடமிருந்து வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அவளுக்கு இன்னும் தலைய ஒழுங்காப் பின்னத் தெரியாது. அவளப் போயி செத்த பொணத்த அறுக்கச் சொல்லப் போறீங்களா?"

"நான் பதினெட்டு வயசுல வார்டுல நின்னவ," என்றாள் அம்மா. "எனக்க தலைய யாரு பின்னி விட்டா?"

அப்பா சோற்றைப் பிசையத் தொடங்கினார். அவர் எப்போதுமே அதற்குமேல் பேச மாட்டார்.

நேர்முகத் தேர்வுக்காக இரண்டு மாதம் பயிற்சி. அம்மா சமையலறையில் மீனைக் கழுவிக்கொண்டே கேள்வி கேட்பாள். நான் வாசலில் சாய்ந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். நோயாளி இறந்துபோனால் என்ன செய்வாய்? முதலில் அவருடைய குடும்பத்தார் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பேன். பிறகு மூத்தவர்களிடம் பேசி என் மனத்தையும் பார்த்துக்கொள்வேன். இந்தப் பதில் ஒரு பயிற்சி மையத்தில் அச்சடித்துக் கொடுத்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே லேசாகக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை அம்மா திருத்தினாள்.

தேர்வுக்கு அம்மாவும் நானும் துபாய்க்குப் போனோம். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் அதே கேள்வியைக் கேட்டார். நான் சரியான இடத்தில் நிறுத்தினேன், சரியான இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்து அந்த அம்மையார் சொன்னார், உங்கள் மகளுக்கு வயதுக்கு மீறிய பக்குவம் என்று. அம்மா அன்று மாலை தேரா கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கிக் கொடுத்தாள். அப்ரா படகில் கழியைக் கடக்கும்போது, தண்ணீரைப் பார்த்தபடியே, "பக்குவம்னு சொன்னாவ, கேட்டியா?" என்று இன்னொரு முறை சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

ஹாஸ்டலில் என்னோடு அறையைப் பகிர்ந்தவள் அபுதாபியில் வளர்ந்த கோயம்புத்தூர்ப் பெண். அவள் அப்பா இன்ஜினியர், அம்மா ஆசிரியை. அவளுக்கும் பதினேழு. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அதே வயதுதான். இரவில் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும் ஒருத்தி பகலில் மனித நரம்புகளின் பெயர்களை ஒப்பிப்பாள். வேகம்தான் அங்கே பாடம். ஒரு வாரத்தில் கை, மறுவாரத்தில் தோள், அதற்கடுத்த வாரம் தேர்வு. ஒரு பாடத்தில் சறுக்கினால் திரும்ப எழுத இடமில்லை, ஏனென்றால் கோடையையும் அவர்கள் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தார்கள். சராசரி ஒரு கோட்டுக்குக் கீழே போனால் படிப்பிலிருந்தே வெளியே. சாதாரண வேகத்தில் படிக்கும் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்டவர்களிடம், அங்கே இடம் இல்லை என்றார்கள். டை கட்டியவர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் சறுக்கவில்லை. முதல் வருடம் நல்ல மதிப்பெண். பிணத்தைக் கண்டும் பயப்படவில்லை. மருந்து நாற்றத்தோடு உணவுக்கூடத்துக்குப் போய் பிரியாணி சாப்பிடப் பழகியிருந்தேன். அப்பாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "நல்லாச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் வருடம் வாரத்துக்கு ஒருநாள் எங்களைக் கிளினிக்குகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது ஷார்ஜாவில் முவைலாவில் ஒரு கிளினிக். பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்ததால் வருகிறவர்களில் பாதிப்பேர் சைட்டிலிருந்து நேராக வருபவர்கள். எங்கள் வேலை ஓரமாக நின்று பார்ப்பது. அங்கிருந்த டாக்டர் அரபுக்காரர், ஐம்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போன மனிதர். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு வேலை குறைந்தது.

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பெண்டர். நாற்பது வயதுக்குள்தான். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கோடாகத் தெரிந்தது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு டாக்டரின் கணினியில் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, டயாலிசிஸ் வேண்டும், இங்கே வேலை செய்ய முடியாது, ஊருக்குப் போகச் சொல் என்று. கடை மூடப்போகிறது என்பதைச் சொல்வதுபோல் சொன்னார்.

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். என் தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பிட, தூங்க, சண்டை போட அது போதும். இதற்கு அதில் சொல் இல்லை.

"உங்க கிட்னி ரெண்டும் வேலை செய்யல," என்றேன்.

"ஆமா தாயி, நீர் சரியாப் போகல. மருந்து எழுதித் தாங்க."

"மருந்துல சரியாகாது."

"ஊசி?"

"இல்ல. மெஷின் வச்சு ரத்தத்த சுத்தம் பண்ணணும்."

"எத்தன தடவ?"

அதற்கு விடை எனக்குத் தெரியும். போன மாதம்தான் தேர்வில் எழுதியிருந்தேன். வாரத்துக்கு மூன்று முறை, உயிரோடு இருக்கும்வரை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் நிறுத்தியது சரியான இடமா என்று பார்த்துத் திருத்த யாரும் இல்லை.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கிட்னி கலாஸ் என்று சொல். அவனுக்குப் புரியும்."

அந்த ஒரு சொல் மொழிபெயர்க்காமலேயே அவருக்குப் போய்ச் சேர்ந்தது. சைட்டில் வேலை முடிந்தால் கலாஸ், சிமெண்ட் தீர்ந்தால் கலாஸ், சோறு இல்லையென்றாலும் கலாஸ். அவர் டாக்டரைப் பார்த்தார், பிறகு என்னை.

"கலாஸா?" என்று கேட்டார்.

நான் தலையசைத்தேன்.

"நீங்க சின்னப் புள்ளையா இருக்கீங்க தாயி. பெரியவர்கிட்ட இன்னொரு தடவ நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். டாக்டர் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன். அவர் டாக்டரின் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். "அப்ப நாளைக்கி டூட்டிக்குப் போகலாமா, வேண்டாமா?" என்றார்.

அங்கேதான் நான் அழுதேன். அவர் அழவில்லை. நான்தான் வெள்ளைக்கோட்டோடு நின்று ஏங்கி ஏங்கி அழுதேன். அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அழாதீங்க தாயி. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போனேன். அந்த மனிதரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த வாரத்து மதிப்பீட்டில் டாக்டர் என்னைப் பற்றி எழுதியது: நோயாளியின் முன் கட்டுப்பாட்டை இழந்தார், தொழில்முறைக்குப் பொருந்தாத நடத்தை. எழுதியதில் பொய் இல்லை. பதினெட்டு வயதுப் பெண்ணிடம் ஒரு மனிதனின் ஆயுளைக் கொடுத்துச் சொல்லச் சொன்னது எந்தத் தொழில்முறையில் சேரும் என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை.

கோயம்புத்தூர்ப் பெண் என்னைத் தேற்றினாள். "நீ ரொம்ப யோசிக்கற. எக்ஸாம் முடியட்டும், அப்பறம் ஃபீல் பண்ணிக்கலாம்." அவள் அதைச் செய்யக்கூடியவள். எல்லாவற்றையும் தேர்வுக்குப் பின்னால் தள்ளிவைக்கத் தெரிந்தவள். எனக்கு அது வரவில்லை. அதன்பின் நோயாளியின் முன்னால் போய் நின்றால், பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. புத்தகத்தில் சிறுநீரகம் என்று வந்தால் படிக்காமல் பக்கத்தைப் புரட்டினேன். அந்த வேகத்தில் பக்கத்தைப் புரட்டுகிறவள் தப்ப முடியாது. கோடை முடிவதற்குள் என் சராசரி கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

குழு ஒன்று கூடி என்னை அழைத்தது. நடுவில் அதே அம்மையார். அவர் அன்பாகத்தான் பேசினார். உனக்கு அறிவு குறைவில்லை, ஆனால் இந்தப் படிப்புக்குத் தேவையான பக்குவம் இன்னும் வரவில்லை, அது உன் குற்றமில்லை, சிலருக்குக் காலம் வேண்டும் என்றார்.

"எனக்குப் பக்குவம் இருக்குதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க," என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு வருடமும் எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பார்.

வேறு கல்லூரிகளில் விசாரித்தோம். நசுக்கிச் சுருக்கிய அந்தப் பாடங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து என் கையில் மிஞ்சியது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்.

குவைத் விமான நிலையத்துக்கு அப்பா மட்டும் வந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏசியை என் பக்கம் திருப்பிவிட்டார். வீட்டில் அம்மா சோறு போட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். கோயிலில் கேட்டவர்களிடம் "லீவுக்கு வந்திருக்கா" என்றாள். லீவு நீண்டுகொண்டே போனது. கடைசியில் என்னைக் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டாள். நானும் தயிர் வாங்கக் கீழே இறங்குவதை நிறுத்தினேன்.

ஒருநாள் மதியம் வெடித்தது. துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு ஆளு சீக்காளியாப் போனான்னு அழுதியாம். அதுக்குப் படிப்ப விட்டியா மக்ளே?"

"நான் விடலம்மா. அவங்க அனுப்பிட்டாங்க."

"நான் பதினெட்டு வயசுல செத்தவங்களுக்குக் கண்ண மூடி விட்டிருக்கேன். எனக்குப் பக்குவம் இருக்கான்னு ஒருத்தனும் கேக்கல."

"உங்க ரெண்டு கிட்னியும் போச்சுன்னு பேஷண்ட்கிட்ட உங்களச் சொல்லச் சொன்னாங்களா? அதுக்கு டாக்டர் இருந்தாங்க இல்ல?"

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"ஆமா, இருந்தாவ. வந்து சொல்லிட்டுப் போவாவ. நேத்து மீச மொளச்சவன் சேர்ல இரிந்துக்கிட்டு சிஸ்டர் அத எடு, சிஸ்டர் இத எடுன்னு சொல்லுவான். நான் நின்னுக்கிட்டே இரிப்பேன். இத்தன வருசம் நின்னாச்சு. எனக்க பிள்ள ஒருநாள் அந்தச் சேர்ல இரிக்கணும்னு நெனச்சேன். அது தப்பா?"

"நீங்க போய் உக்காந்திருக்கணும்மா. என்ன ஏன் உக்கார வச்சீங்க?"

அவள் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறையவில்லை. துணியை எடுத்து மறுபடி மடித்தாள். அடுத்த அறையில் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அந்தச் சண்டை இன்றுவரை முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

பிறகு அஞ்சல் வழியில் ஒரு பட்டம் படித்தேன். மருத்துவக் காப்பீட்டுக்கான குறியீட்டுப் படிப்பு ஒன்றையும் முடித்தேன். இப்போது துபாயில், தேராவில் இருக்கும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் சிகிச்சைக் கோரிக்கைகளைப் பார்த்து அனுமதிப்பதும் திருப்பி அனுப்புவதும் என் வேலை. டயாலிசிஸுக்கான குறியீட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சில டாக்டர்கள் போனில் கத்துவார்கள். "மருத்துவம் படிச்சது நீங்களா நானா?" என்பார்கள். பாதி நான்தான் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

கோயம்புத்தூர்ப் பெண் படித்து முடித்தாள். டை கட்டியவர் சொன்னபடி இருபத்திரண்டு வயதில் டாக்டர். ஆனால் முதல் சில வருடம் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம், டாக்டர் எப்போது வருவார் என்று அவளிடமே கேட்டார்களாம். ஒருமுறை காபி குடிக்கச் சந்தித்தபோது அவள் தலைமுடியில் நரை தெரிந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

"நீ தப்பிச்சடி," என்றாள். "நான் காலேஜே பாக்கல. ஒரு படம், ஒரு ட்ரிப், ஒண்ணும் கிடையாது. இப்ப யோசிச்சா அந்த வருஷமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்து இதைச் சொல்வது சுலபம். "அப்ப மாத்திக்கலாமா?" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைத் தாமதமாகக் கவனித்தாள். அதன்பின் நாங்கள் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி.

போன வருடம் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண்மணி, திருச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது. நான் கொஞ்ச காலம் மருத்துவம் படித்தவள் என்று மட்டும் அவருக்குத் தெரியும்; அவருடைய மகளுக்கு அதே மாதிரியான ஒரு படிப்பில் நேர்முகத் தேர்வு. பல்லுக்குக் கம்பி போட்ட, ஒல்லியான பதினாறு வயதுப் பெண்.

"ஆன்ட்டிகிட்ட அந்த ஆன்சரச் சொல்லிக் காட்டு," என்றார் அவர்.

பெண் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். நோயாளி இறந்தால் முதலில் குடும்பத்தார் சொல்வதைக் கேட்பேன் என்றாள். சொற்கள்கூட அதிகம் மாறியிருக்கவில்லை.

நான் என்ன நடந்தது என்பதை முழுக்கச் சொன்னேன். முவைலா, அறந்தாங்கிக்காரர், அழுகை, குழு, மதிப்பெண் பட்டியல், எல்லாவற்றையும். வேகம் வேண்டாம், சாதாரணப் படிப்பில் போடுங்கள், ஒரு வருடத்தில் உலகம் முழுகிவிடாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு அப்படி ஆயிடுச்சு, பாவம்தான்," என்றார். "ஆனா எல்லாருக்கும் அப்படியே நடக்காது இல்லீங்களா? இவ ரொம்ப ஸ்ட்ராங். அவ வயசுக்கு அவ ரொம்ப மெச்சூர்."

நான் எழுந்தேன். அந்தப் பெண் லிஃப்ட் வரை என்னோடு வந்தாள்.

"ஆன்ட்டி, அந்த அங்கிள் அப்பறம் என்ன ஆனாரு?"

"தெரியாதும்மா."

"ஊருக்குப் போயிட்டாரா?"

"போயிருக்கணும்."

அவள் கம்பி போட்ட பல்லை நாக்கால் தடவிக்கொண்டு யோசித்தாள். இன்னும் எதையோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டார், பயிற்சி வகுப்புக்கு நேரமாகிறது என்று. அவள் ஓடிவிட்டாள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் அம்மா அலுவலகத்தில் எல்லோருக்கும் பக்லாவா இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். என் மேசைக்கு வந்தபோது, "உங்க ஆசீர்வாதம்," என்றார். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அன்று காலையில் பாக்கியிருந்த கோரிக்கைகளைத் திறந்து வேலையைப் பார்த்தேன்.